என் வீட்டு விளக்கு ஆடியது

சுமத்ராவில் நிலம் நடுங்கிய காலையில், என் வீட்டுச் சாமி அறையின் தூக்கு விளக்கு ஆடி, எண்ணெய் தரையில் சிந்தியது. கடலுக்கு இந்தப் பக்கம், மம்பா என்னும் ஊருக்கு அப்பால், பழைய ரப்பர்த் தோட்டத்தின் சதுப்பைச் செம்மண் கொட்டி நிரப்பிக் கட்டிய வீடுகளில் ஒன்று என்னுடையது. அதே நேரத்தில் என் கணவர் குன்றின் மேலுள்ள தோட்டத்து மாரியம்மன் கோயிலில் நின்றிருந்தார். அங்கே விளக்கு அசையவில்லை. இரண்டும் ஒரே கடையில் வாங்கியவை. சங்கிலியின் நீளமும் ஒன்றே.

அம்மன் விளக்கு ஆடவில்லையென்றால் நிலமும் ஆடவில்லை என்று எங்கள் மக்கள் முடிவு கட்டினார்கள்.

"காலைலயே ஒனக்குச் சாமி வந்துருச்சாக்கா?" என்றார் கோயில் செயலாளர்.

என் கணவரும் சிரித்தார். சிரிக்கும்போது அவருக்குக் கண்கள் மூடிக்கொள்ளும். அதனால் அன்று என் முகத்தைப் பார்க்கவில்லை.

வேறொரு சமயமென்றால் நானும் சிரித்திருப்பேன். ஆனால் குன்றை விற்றுவிட்டார்கள்; வாங்கியவர்கள் கோயிலை அகற்றச் சொல்லிவிட்டார்கள். கோயில் என் வீட்டை ஒட்டிய காலி மனைக்கு வரவிருந்தது. குன்றின் மேல் இருப்பதைவிட உயரமாக இங்கே கோபுரம் எழுப்பத் திட்டம். திருவிழா நாள்களில் அதன் அடியில்தான் பிள்ளைகள் சாப்பிட உட்காருவார்கள்.

நான் படித்து அறிந்தது இது: தொலைவிலிருந்து வரும் அதிர்வு பாறையில் விரைந்து கடந்துவிடும், இளகிய மண்ணில் அதன் வேகம் குறைந்து, ஆட்டம் பெருகும். குன்று கூப்பிடு தூரம்தான். ஆனால் காலுக்குக் கீழே இருப்பது வேறு.

மண்ணைத் துளையிட்டுப் பார்க்கும்வரை அடிக்கல் வேண்டாம் என்று கோயில் கூட்டத்தில் சொன்னேன்.

"அம்மா ஒக்கார்ற எடத்த நீ சோதிக்கிறியா?" என்றார் தலைவர்.

"அம்மாவ இல்லண்ணே. நீங்க ஏத்தப்போற சிமெண்ட இந்தச் சேறு தாங்குமான்னு பாக்கச் சொல்றேன்."

"ரொம்பப் படிச்சா இப்படித்தான்லா," என்றது பின்வரிசை.

சோதனை வேண்டாமென்று கைதூக்கி முடிவெடுத்தார்கள். என் கணவரின் கையும் உயர்ந்தது.

அடிக்கல் நாட்ட ஆனி மாதத்தின் கடைசி நாளைக் குறித்தார்கள். மறுநாள் ஆடி, பிறகு ஒரு மாதம் நல்ல காரியம் எதையும் தொடங்க மாட்டார்கள். அடிக்கல் நாளன்று காலை, வெட்டியிருந்த குழியின் மேல் பலகையைப் போட்டு, அதன்மேல் பிளாஸ்டிக் நாற்காலியை வைத்து உட்கார்ந்தேன்.

"நல்ல நேரம் போவுதுக்கா, எந்திரி."

"போவட்டும்."

ஐயர் கடிகாரத்தைப் பார்த்தார். தலைவர் என்னைப் பெயர் சொல்லி அதட்டினார். வெயில் ஏறியது. என் கணவர் வீட்டுக்குள் போனார். குடையோடு திரும்பி வந்து என் தலைக்கு மேல் பிடித்தார்.

நல்ல நேரம் கடந்தது. ஐயர் தாம்பாளத்தை எடுத்துக்கொண்டார். இனி ஆவணிதான் என்று தலைவர் முணுமுணுத்தார்; அதுவரை இடம் சும்மாதானே கிடக்கும், மண் சோதனைக்கு யாரைக் கூப்பிடுவது என்று செயலாளரிடம் எரிச்சலோடு கேட்டார்.

"இப்பவாச்சும் நாற்காலிய எடுத்துறலாமாக்கா?" என்றார் செயலாளர்.

"மண்ணச் சோதிக்கிற ஆளு வரட்டும்," என்றேன். "அதுவரைக்கும் இங்கியே கெடக்கட்டும்."