சுடுபாத்திரப் படை

மார்லிஸ் ஹாகனுக்கு அடுத்தவர் வீட்டு விஷயத்தில் மூக்கை நுழைக்காவிட்டால் சாப்பாடு இறங்காது. முகத்துக்கு நேராகச் சொன்னாலும் கோபித்துக்கொள்ள மாட்டாள். "ஆமா, அதுக்கென்ன இப்போ?" என்பாள். மினசோட்டாவின் வடக்கே, ஏரியோரச் சிற்றூர் ஒன்றில், தூண்டில் சாமான் கடையில் கல்லாவில் நிற்கிறவள் அவள். புழு வாங்க வருகிறவன் புழுவோடு போவான். அவன் வீட்டுக் கதை கடையிலேயே தங்கிவிடும்.

போன இலையுதிர்காலத்தில் அவள் தோழி ஆர்டிஸின் மகன் வேட், பள்ளித் தோழன் ஒருவன் வீட்டு நிலவறையில் பீர் குடித்துவிட்டு வண்டியைக் கொண்டுபோய் மரத்தில் மோதினான். உயிர் தப்பியது, இடது கால் இன்னும் சரியாகவில்லை. அந்த வீட்டுப் பெரியவர்கள் மேலே டிவி பார்த்துக்கொண்டிருந்தார்கள். கீழே நடப்பது தெரியும், தெரியாதது போல இருந்துவிட்டார்கள்.

பிறகு பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம் போட்டோம். எங்கள் வீட்டில் பிள்ளைகளுக்குக் குடி கிடையாது, பிள்ளை யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் போன் செய்து கேட்போம் என்று எல்லோரும் கை தூக்கினோம். ஒருவரும் போன் செய்யவில்லை. "உங்க வீட்டுல பீர் இருக்குமா?" என்று எங்கள் ஊரில் கேட்பது கன்னத்தில் அறைவதற்குச் சமம். வீடு பற்றி எரிந்தால்கூட, தீயணைப்புக்காரர்களிடம் தொந்தரவுக்கு மன்னிப்புக் கேட்கும் ஜனங்கள் நாங்கள்.

மார்லிஸின் மகள் பிரிட்டாவுக்கு அப்போதுதான் பதினாறு முடிந்து லைசென்ஸ் கிடைத்திருந்தது. அவள் கையில் கார் சாவியைப் பார்த்தாலே மார்லிஸுக்கு வேட் மோதிய மரம் நினைவுக்கு வரும். ஒருநாள் ஆர்டிஸைக் கடைக்குள் இழுத்துப் போட்டாள்.

"கேக்கத்தானே கூச்சம்? கேக்கவே வேணாம். சூடா ஒரு ஹாட்டிஷ் எடுத்துட்டுப் போய் வாசல்ல நிப்போம். பனியில பாத்திரத்தோட நிக்கறவள எவ தொரத்துவா?"

"உள்ள போய்?"

"காபி குடிக்கிறியாம்பாங்க. ரெண்டு தடவ வேணாம்போம், மூணாவது தடவ சரிம்போம். அப்புறம் 'சரி, கெளம்பறோம்'னு சொல்லிட்டு நிலவறைப் படிக்கட்டுகிட்ட அரை மணி நேரம் நிப்போம். நம்ம ஊருல சொன்னவுடனே எவடி கெளம்பியிருக்கா?"

விபத்துக்குப் பிறகு ஆர்டிஸ் வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான்.

குளிர்காலம் முழுக்க எங்கள் சுடுபாத்திரப் படை நடந்தது. பிள்ளைகள் எங்கே கூடினாலும் அங்கே ஒரு தாய், மாட்டிறைச்சியும் காளான் சூப்பும் உருளைக்கிழங்கும் ஒரே பாத்திரத்தில் சேர்த்துச் சுட்ட ஹாட்டிஷோடு ஆஜர். சமைக்கத் தெரியாத அப்பன்மார் டோனட் வாங்கிக்கொண்டு வந்தார்கள். பாத்திரத்தைத் திருப்பி வாங்க வேண்டுமே, அதற்கு இன்னொரு நடை. "இந்த ஊருல ஒரு மடக்கு பீருக்கு மூணு தட்டு உருளைக்கிழங்கு திங்கணும்டா" என்று ஒரு பையன் நொந்துகொண்டதாகக் கேள்வி. மார்லிஸுக்கு அது பதக்கம் வாங்கிய மாதிரி.

பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை. கணவன் லைல் உறைந்த ஏரிமேல் போட்ட குடிலில், பனிக்கட்டியில் துளையிட்டு மீனுக்குக் காத்திருந்தான். பிரிட்டா, "ஜோலீன் வீட்டுல படிக்கப் போறேம்மா" என்று கிளம்பினாள். சற்று விட்டு மார்லிஸும் பாத்திரத்தோடு ஜோலீன் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

கதவைத் திறந்த ஜோலீனின் அம்மா விழித்தாள். "இங்க ஏன் வந்த? பசங்க உன் வீட்டுலதான கூடறாங்க? ஆர்டிஸும் மத்தவங்களும் அப்பவே அங்க போய்ட்டாங்களே!"

மார்லிஸ் முகத்தில் ஈயாடவில்லை. காபி வேண்டுமா என்று கேட்கும்முன்பே கிளம்பிவிட்டாள். எங்கள் ஊர் சரித்திரத்தில் அப்படி யாரும் கிளம்பியதில்லை.

வீட்டுக் கராஜில், லைலின் பனிவண்டிமேல் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள், மடியில் தட்டோடு. கண் சிவந்து பிரிட்டா நடுவில். தரையில் காலி பீர் டப்பாக்கள். பக்கத்திலேயே லைலின் பழைய ஃப்ரிட்ஜ், கதவு அகலத் திறந்தபடி. ஊரில் உள்ள நிலவறையெல்லாம் மோப்பம் பிடித்தவளுக்கு, தன் கராஜில் பீர் நிறைந்த ஃப்ரிட்ஜ் ஒன்று பூட்டில்லாமல் நிற்பது ஒருநாளும் உறைத்ததில்லை. அது லைலின் ஃப்ரிட்ஜ், அவ்வளவுதான்.

சமையலறையில் ஆர்டிஸும் படையில் வந்த இன்னும் இரண்டு பெண்களும் காபி போட்டுக் குடித்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி ஜன்னல் திரை அழகு என்றாள். இன்னொருத்தி, ட்வைலா, பனி குறைந்திருக்கிறது என்றாள். பிறகு அவளே மார்லிஸின் கையைத் தொட்டாள்.

"மார்லிஸ், நாங்க ஒண்ணும் பாக்கலம்மா. பசங்க வந்தாங்க, சாப்பிட்டாங்க. அவ்ளோதான்."

அவ்வளவு அன்பாகச் சொன்னாள். மார்லிஸுக்கு அவளைக் கட்டிக்கொண்டு அழலாம் போல இருந்தது. தலையை ஆட்டினால் போதும், மானம் தப்பும். நாளைக்கு ட்வைலா வீட்டில் நடந்தால் மார்லிஸும் பார்க்க மாட்டாள். அப்புறம் ஊரில் யாரும் யார் வீட்டிலும் எதையும் பார்க்க மாட்டார்கள்.

ஆர்டிஸ் கோப்பையைக் கீழே வைத்தாள். "வேட் குடிச்ச அன்னிக்கும் யாரும் ஒண்ணும் பாக்கல" என்றாள், மெதுவாக.

மார்லிஸ் போனை எடுத்தாள். முதல் அழைப்பு ஏரிக்கு.

"லைல், உன் பீரக் குடிச்சது உன் மகதான். கூட இன்னும் அஞ்சாறு பேர். கெளம்பி வா."

"மிச்சம் இருக்கா?" என்றான் லைல்.

"வந்து ஊத்திக் கொட்டற அளவுக்கு இருக்கு. வா."

வைத்துவிட்டு ஜோலீன் வீட்டு எண்ணை அழுத்தினாள். "நான் மார்லிஸ். உன் பொண்ணு என் வீட்டுல குடிச்சிருக்கா. என் வீட்டு பீர். தப்பு என்னோடது, வந்து கூட்டிட்டுப் போ."

இந்த ஊரில் யாரும் யாருக்கும் சொல்லாத வாக்கியம். அடுத்த எண், அதற்கடுத்த எண். கராஜிலிருந்து பிரிட்டா ஓடிவந்து போனைப் பிடுங்கப் பார்த்தாள்.

"அம்மா, நிறுத்து! ஊருக்கே தெரிஞ்சுபோயிடும்!"

"அதுக்குத்தான்டி கூப்பிடறேன்" என்று மார்லிஸ் அடுத்த எண்ணை அழுத்தினாள்.