சேலைப் பிரிவில் ஒரு ஸ்டூல்

சிதம்பரத்தில் ஒரு ஜவுளிக் கடையில் பதினான்கு வருடமாகச் சேலை எடுத்துப்போடுகிறேன். பில் போடும் ஆண்களுக்கு நாற்காலி உண்டு. எங்களுக்குக் கடை திறந்ததிலிருந்து பூட்டும்வரை நிற்பதுதான் வேலை. காலில் நரம்பு சுருட்டிக்கொண்டு வீங்கியும் நான் வாய் திறந்ததில்லை.

கடலூர் முதுநகரிலிருந்து ஷபானா என்ற பெண் புதிதாகச் சேர்ந்தாள். மூன்றாம் நாளே, வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். எனக்கு வயிறு எரிந்தது. நேற்று வந்தவளுக்கு இந்தச் சொகுசா? அவள் கால் மேல் கால் போட்டபோது தாங்க முடியவில்லை. நேராக சூப்பர்வைசரிடம் போனேன்.

"வந்ததும் உக்காந்துக்கிறா சார். நாங்கல்லாம் மனுஷங்க இல்லியா?"

அவர் எல்லோர் முன்னாலும் அவளைத் திட்டினார். அவள் அசரவில்லை.

"கடையில வேலை செய்றவங்களுக்கு சீட் குடுக்கணும்னு சட்டமே இருக்கு சார். ஓனருகிட்ட நேத்தே ரெண்டு ஸ்டூல் கேட்டேன். ஒண்ணுதான் வந்திருக்கு. இன்னொண்ணு இந்த அக்காவுக்கு. அவுங்க கால பாத்தீங்களா?"

எல்லோரும் என் காலைப் பார்த்தார்கள். சேலையை இழுத்து மறைத்துக்கொண்டேன்.

மறுவாரம் இரண்டாவது ஸ்டூல் வந்தது. அதில் உட்கார எனக்கு முகமில்லை. அவள்தான் கையைப் பிடித்து உட்காரவைத்தாள். உண்மையைச் சொன்னால், அவள் மேல் பொறாமை இன்னும் போகவில்லை. பதினான்கு வருடம் நான் கேட்காததை அவள் வந்த வேகத்தில் கேட்டுவிட்டாளே!

இப்போது புதிதாக எந்தப் பெண் சேர்ந்தாலும், சேலை மடிக்கச் சொல்லித்தருவதற்கு முன் ஸ்டூல் இருக்குமிடத்தைக் காட்டிவிடுகிறேன்.