போப்பாண்டவரைப் பார்க்கப் போன சைக்கிள்

தாம்பரத்தில் ரயில்வே கேட்டை மூடினால், அது சைக்கிளுக்கும் மூடியதாகக் கணக்கில்லை. லாரி நிற்கும், பஸ் நிற்கும். சைக்கிள்காரர் மட்டும் இறங்கி, வண்டியை ஒரு பக்கம் சாய்த்து, தானும் குனிந்து, தடியின் கீழால் நுழைந்து, தண்டவாளத்தை இரண்டு பக்கமும் பார்த்தும் பாராமலும் கடந்து போய்விடுவார். வந்த புதிதில் நான் யாழ்ப்பாணத்துப் பழக்கத்தில் கேட்டுக்கு முன்னால் ஒரு காலை ஊன்றிக்கொண்டு நின்றேன். பின்னால் வந்தவர் மணியடித்தார். "இன்னாம்மா, நட்டநடுவுல நின்னுகினு கீற? போ." "கேட் பூட்டியிருக்கெல்லோ" என்றேன். அவர் கேட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அது லாரிக்கும்மா" என்றார். பத்து வருஷத்துக்கு மேலாகிவிட்டது. இப்போது நானும் குனிந்துதான் போகிறேன். ஆனாலும் ஒவ்வொரு முறையும் பின்னாலிருந்து யாரோ கூப்பிட்டு ஏசப்போகிறார்கள் என்று முதுகு கூசும்.

ஊரிலிருந்து இதை வாசிக்கிறவர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் ஊரில் பள்ளிக்கூடப் பிள்ளை முதல் டீச்சரம்மா வரை எல்லாப் பெண்களும் சைக்கிளில்தான் போவோம். இங்கே அந்த நாட்களில் நான் சைக்கிளில் ஏறினால் சேலையூர்த் தெரு முழுக்கத் திரும்பிப் பார்க்கும். என்னுடையது பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் வாங்கிய பழைய லேடீஸ் சைக்கிள். செயின் கவர் கடகடவென்று அடிக்கும். வீட்டுக்காரர் மனைவி கமலாக்காவுக்கு அது பெரிய கவலை. அவர்கள் அந்த ஊரின் பழைய குடும்பம்; வயலை மனைகளாகப் பிரித்து விற்றவர்கள். நல்ல மனுஷி. என்னை எப்படியாவது பஸ்ஸில் ஏற்றிவிட வேண்டும் என்பதே அவருடைய ஆசை.

எண்பத்தாறில் போப்பாண்டவர் சென்னைக்கு வந்தார். பரங்கிமலைக்கும் வருகிறார் என்றதும் தாம்பரமே பரபரத்தது. வேதக்காரர், இந்துக்கள் என்ற பேதமில்லை. இப்படி ஒரு கூட்டத்தை இனிமேல் பார்க்கக் கிடைக்காது என்று எல்லோரும் கிளம்பினார்கள். எனக்குப் போப்பாண்டவர் இரண்டாம் பட்சம். நான் தம்பியைப் பார்க்கப் போனேன்.

தம்பி பெயர் யூட். நானும் அம்மாவும் யாழ்ப்பாணத்தில் எங்கள் பாஷையூரை விட்டு இந்தியாவுக்கு வந்தபோது அவன் மன்னாரில், பேசாலையில், மாமாவோடு இருந்தான். முதலில் திருச்சியில் இருந்தோம். பிறகு எனக்குத் தாம்பரத்தில் ஒரு நர்சரிப் பள்ளியில் வேலை கிடைத்து இங்கே வந்தோம். வீடு மாறியதை அவனுக்கு அறிவிக்க வழியே இருக்கவில்லை. அந்த நிலையில்தான், அவன் வள்ளத்தில் ராமேஸ்வரம் வந்து இறங்கி மண்டபம் முகாமில் இருக்கிறான் என்று கோயிலில் ஒருவர் வந்து சொன்னார். நாங்கள் மண்டபத்துக்குப் போக ஆயத்தமாகிக்கொண்டிருக்கும்போதே அடுத்த செய்தி வந்தது: முகாம் ஆட்களை ஒரு பாதிரியார் வண்டி பிடித்துப் பரங்கிமலைக்கே கூட்டி வருகிறார். அம்மா அன்றிரவு நித்திரை கொள்ளவில்லை. நானும்தான்.

"டிரெய்ன்ல போனா நாலஞ்சு ஸ்டேஷன். இந்தக் கூட்டத்துல சைக்கிள் எடுத்துக்கிட்டு போறேன்றியே, எதுக்கும்மா இந்த பேஜாரு?" என்றார் கமலாக்கா. ரயிலில் போனால் முகங்களைப் பார்க்க முடியாது என்பதை அவருக்கு எப்படிச் சொல்வது? ரோட்டில் நடந்து போகிறவர்களில் அவனும் இருந்தால்? நான் ஜி.எஸ்.டி. ரோட்டில் ஏறினேன். சானடோரியம், குரோம்பேட்டை, பல்லாவரம் என்று ரோடு முழுக்கச் சனம். குடையோடு குடும்பங்கள், கொடி பிடித்த பள்ளிப் பிள்ளைகள், சட்டைக்குள் ஐஸ்கட்டி போட்டதுபோல நிற்க முடியாமல் துள்ளும் வாலிபர்கள். மிதிப்பேன், பிரேக் பிடிப்பேன், ஒரு பையனின் பின்கழுத்து அவனுடையதுபோலத் தெரியும், முந்திப்போய்த் திரும்பிப் பார்ப்பேன், அவனாக இருக்க மாட்டான். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். ஒருவன், "யக்கா, யாரத் தேடுற? நான்தான் அது" என்றான். வேறொரு நாளாக இருந்தால் வாங்கிக் கட்டியிருப்பான்.

எங்கே தேடுவது என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. மன்னார்ப் பக்கத்து மடு மாதா கோயில் திருவிழாவுக்குப் போனவர்களுக்கு அது விளங்கும். லட்சக்கணக்கில் சனம் கூடும் அந்தக் காட்டில் ஒவ்வொரு ஊருக்கும் ஒவ்வொரு மரம் உண்டு. எங்களுடையது கோயிலுக்கு வலப்பக்கம் ஒரு பெரிய பாலை மரம். யாராவது தவறிப்போனால் மற்றவர்கள் தேடப் போவார்கள். ஒருவர் மட்டும் மரத்தடியை விட்டு அசையக் கூடாது. சிறுவயதில் யூட் இரண்டு தடவை தவறிப்போய், இரண்டு தடவையும் மரத்தடிக்குத் தானாகவே வந்து சேர்ந்தான். ஆகவே பரங்கிமலையிலும் வலப்பக்கத்துப் பெரிய மரத்தைத் தேடிப் போவான் என்று நினைத்தேன். இந்த ஊரில் பிறந்த யாருக்கும் இப்படி ஒரு புத்தி போயிருக்காது.

மலையடிவாரத்துக்கு முன்பே ஒரு போலீஸ்காரர் கையைக் குறுக்கே நீட்டி, சைக்கிளை வேலியோரம் போடச் சொன்னார். "சேர், கோயிலுக்கு வலப்பக்கம் பெரிய மரம் ஏதும் நிக்குதோ?" என்று கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சிலோனா?" என்றார். தலையாட்டினேன். "உங்க ஆளுங்க எல்லாம் அந்தத் தூங்குமூஞ்சி மரத்தாண்ட குந்திகினு கீறாங்கம்மா. காலைலர்ந்து கத்துறேன், ரோட்டாண்ட வந்து நில்லுங்க, நல்லாத் தெரியும்னு. ஒருத்தர்கூட நவுர மாட்டேன்றாங்க. இன்னாத்துக்கு வந்தாங்கன்னே புரியல." எனக்குப் புரிந்தது. சைக்கிளைப் போட்ட இடத்தில் போட்டுவிட்டு ஓடினேன்.

மரத்தடியில் மன்னார்ச் சனம், யாழ்ப்பாணத்துச் சனம், திருகோணமலைச் சனம் எல்லாம் இருந்தார்கள். ஒருவரும் சொல்லிவைத்து வரவில்லை. போப்பாண்டவர் வரப்போகிற ரோட்டுக்கு முதுகைக் காட்டி, மரத்தடிக்கு வருகிறவர்களின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் போய் நின்றதும் அத்தனை கண்களும் என் முகத்தில் வந்து தேடின. அவர்கள் தேடுகிற ஆள் நானில்லை என்று தெரிந்ததும் ஒவ்வொன்றாகத் திரும்பிக்கொண்டன. அந்தப் பார்வைகளுக்கு முன்னால் நிற்க எனக்கு வெட்கமாகவும் துக்கமாகவும் இருந்தது. நானும் அவர்களை அப்படித்தான் பார்த்தேன்.

யூட் இல்லை. பேசாலையில் மாமா வீட்டுக்குப் பக்கத்து வீட்டுப் பிலோமினாக்கா இருந்தார். என்னைக் கண்டதும் எழும்பி வந்து கையைப் பிடித்தார்.

"யூட்டைத் தேடியோ வந்தனீ?"

"ஓமக்கா. உங்களோட வரேல்லையோ?"

"அவன் போட்டான் பிள்ளை. போன கிழமை வள்ளத்தில திரும்பிப் போட்டான்."

"ஏனக்கா?"

"முகாமில இருந்து ஒரு ஆளைப் பிடிச்சுத் திருச்சிக்கு விசாரிக்க விட்டவன். வீடு பூட்டிக் கிடக்குது, தாயும் மகளும் ஊருக்கே திரும்பிப் போட்டினம் எண்டு அந்தாள் வந்து சொல்லிப்போட்டுது. 'அங்க ஆமி நிக்குது, ரெண்டு பேரையும் கூட்டிக்கொண்டு வாறன்' எண்டு வெளிக்கிட்டவன். நாங்கள் மறிச்சனாங்கள், கேக்கேல்லை."

அந்த நேரம் ரோட்டில் பெரிய ஆரவாரம் எழுந்தது. சனம் அலையாக முன்னே தள்ளியது. குழந்தைகளைத் தோளில் தூக்கினார்கள். பக்கத்தில் ஒரு கிழவர் முழந்தாளில் விழுந்து அழுதார். தலைகளுக்கு மேலாக ஏதோ வெள்ளையாக நகர்ந்ததைப் பார்த்தேன். அது போப்பாண்டவரா, யாருடைய குடையா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. எங்களைக் கூட்டிவர அவன் போய்விட்டான், நாங்கள் இங்கே இருக்கிறோம். அது ஒன்றுதான் மண்டைக்குள் சுற்றிக்கொண்டிருந்தது. யார் மீது கோபப்படுவது என்று தெரியாமல் எல்லோர் மீதும் கோபப்பட்டேன், முழந்தாளில் கிடந்த அந்தக் கிழவர் மீதும்.

திரும்பி வரும்போது ஒரு முகத்தையும் பார்க்கவில்லை. வாசலில் கமலாக்கா, "பாத்தியாம்மா? எப்படி இருந்தார்?" என்று ஆவலாகக் கேட்டார். "போட்டான் அக்கா" என்றேன். அவர் ஒன்றும் விளங்காமல், நெரிசலில் பயந்துவிட்டேன் என்று நினைத்து, மோர் கொண்டுவந்து கொடுத்தார். அம்மா அடுப்படியில் நின்றபடியே முழுவதையும் கேட்டார். அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. "அப்ப நான் போறன்" என்றார். நானும் வருகிறேன் என்றேன். "ரெண்டு பேரும் போனால் அவன் திரும்பி இஞ்ச வந்து ஆரைப் பாப்பான்? நீ இரு." அதோடு பேச்சு முடிந்தது.

இரண்டு வருஷம் கழித்து, அகதிகளைக் கப்பலில் ஊருக்குத் திருப்பி அனுப்பத் தொடங்கிய காலத்தில் அம்மா போனார். யூட்டைப் பாஷையூரிலேயே கண்டுபிடித்தார். எங்கள் பழைய வீட்டைத் திருத்திக்கொண்டு இருந்தானாம். மூன்று பேரும் சேர்ந்துவிடலாம் என்று நினைக்கும்போதே மறுபடி சண்டை, மறுபடி கடல் பூட்டு. ஒருமுறை வர அவர்களுக்கு வழியில்லை, ஒருமுறை போக எனக்கு வழியில்லை. வந்துபோகும் ஆட்களிடம் அம்மா சொல்லியனுப்புகிறார்: "அலைய வேண்டாமெண்டு பிள்ளைக்குச் சொல்லுங்கோ. நாங்கள் இடத்தை விட்டு அசையேல்லை, வந்து சேரட்டும்." போகிறவர்களிடம் நானும், வார்த்தை மாறாமல், அதையே சொல்லியனுப்புகிறேன்.