கீழ்த்தளத்துத் தோழி

அந்த மூன்றடுக்கு டிபன் கேரியரின் கனம் இன்னும் என் கையில் இருக்கிறது. திருவொற்றியூரில் நான் படித்த கல்லூரியின் பெண்கள் விடுதியில் சாப்பாட்டுக் கூடம் முதல் மாடியில் இருந்தது, லிப்ட் கிடையாது. கீழே, அலுவலகத்தை ஒட்டிய அறையில் என் வகுப்புத் தோழி தங்கியிருந்தாள். எண்ணூர் மீனவக் குடும்பத்துப் பெண். சிறு வயதில் வந்த காய்ச்சலில் கால்கள் செயலிழந்து, சக்கர நாற்காலியில் இருந்தாள். தினமும் பஸ்ஸில் வந்துபோக முடியாதென்று விடுதியில் சேர்த்திருந்தார்கள். சரிவுப் பாதை, தனி அறை, தனிக் குளியலறை. அவளுக்குத்தான் வசதி என்று நாங்கள் பொறாமைகூடப் பட்டதுண்டு.

முறை வைத்து அவளுக்குச் சாப்பாடு கொண்டுபோவோம். என் முறையன்று ஓர் அப்பளம் கூடுதலாக வைப்பேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமை. ஒரு மத்தியானம் அவள் கேரியரைத் திறக்கவேயில்லை.

“ஏட்டி, ஏன் சாப்பிட மாட்டேங்க?” என்று என் ஊரான நாசரேத்தின் தெற்கத்தித் தமிழில் கேட்டேன்.

“நீ குட்த்துட்டு ஓடிப்பூட்ற. மேல எல்லாம் சிரிச்சிகினு கீறீங்க, சத்தம் இங்க வருது. இன்னா ஜோக்குன்னுதான் தெர்ல. நான் இன்னா ஆஸ்பத்திரிலயா கீறேன்?”

முதலில் கோபம்தான் வந்தது. ஆனால் மறுநாள் என் தட்டையும் எடுத்துக்கொண்டு கீழே போனேன். அந்த வாரத்துக்குள் ஆறு பேரானோம். அறையில் இடம் போதாமல் நடைவழியில் உட்கார்ந்து சாப்பிட்டோம். தரையெல்லாம் சோறு என்று வார்டன் அம்மா சத்தம் போட்டார். “அப்ப சாப்பாட்டு ரூமையே கீழ கொண்டாங்க மேடம்” என்றாள் அவள், பணிவாக. மூன்று மனுக்களுக்குப் பிறகு கொண்டுவந்தார்கள். பதிலுக்குப் படிப்புக் கூடம் மாடிக்குப் போய்விட்டது. அதற்கும் சிரித்தாள். அந்த ஒன்றரை வருடம் சாப்பிட்ட மாதிரி நான் பிறகு எங்கும் சாப்பிட்டதில்லை.

பட்டப்படிப்பு முடிந்ததும் வெளியூர்ப் பல்கலைக்கழகம் ஒன்றில் முதுகலைக்கு எங்கள் இருவருக்கும் இடம் கிடைத்தது. ஒரே அறை கேட்டு ஒரே உறையில் விண்ணப்பம் அனுப்பினோம். எனக்கு அறை எண் வந்தது. அவளுக்கு ஏற்ற அறை விடுதியில் இல்லை என்று கடிதம் வந்தது.

“நீ போம்மே. ரெண்டு பேரும் இங்க குந்திகினு இன்னா பண்றது?” என்றாள்.

போனேன். போனது தப்பு என்று இன்றும் சொல்ல மாட்டேன். ஆனால் அங்கே ஒவ்வொரு வேளையும் தட்டை வைத்து உட்காரும்போது, பக்கத்தில் சக்கர நாற்காலி நிற்குமளவு இடம் விட்டே உட்கார்ந்தேன். யாராவது வந்து அந்த இடத்தில் உட்கார்ந்துவிடுவார்கள்.

அவள் அஞ்சல் வழியில் படித்து முடித்து, எண்ணூரிலேயே ஆசிரியை ஆனாள். நான் அதே பல்கலைக்கழகத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். இப்போது விடுதிக் குழுவில் இருக்கிறேன். சென்ற மாதம் புது விடுதியின் வரைபடத்தோடு அவள் வீட்டுக்குப் போனேன். வாசலில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். கழிமுகத்துக் காற்றில் தாள்கள் படபடத்தன. கீழ்த்தளத்தில் இரண்டு அறைகள், அகலமான கதவு, சரிவுப் பாதை என்று ஒவ்வொன்றாகக் காட்டினேன். பாராட்டை மட்டுமல்ல, மன்னிப்பையும் எதிர்பார்த்துப் போயிருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது.

அவள் வரைபடத்தில் அறை அறையாக விரலை ஓட்டினாள். “எல்லாம் ஷோக்காத்தான் கீது. கட்டில் ஒண்ணுதானா?”

அவள் கையிலிருந்த சிவப்புப் பேனாவை வாங்கி, இரண்டு அறைகளிலும் இன்னொரு கட்டிலை வரைந்தேன். அவள் வரைபடத்தைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

“நடுவுல வண்டி போற அளவுக்கு இடம் வுடு. அத்தவுட தள்ளி வேணாம்.”