கார்க் கதவின் மேல் தண்ணீரின் எடை

பதினோராம் வகுப்புக்கு நான் இயற்பியல் எடுக்கிறேன். வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில் பாடம் கிடையாது. பிள்ளைகள் ஒரு சினிமாக் காட்சியைச் சொல்வார்கள், அது நடக்குமா என்று போர்டில் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு குத்தில் வில்லன் ஐம்பது அடி பறந்தால் குத்தியவனும் பின்னால் பறந்திருக்க வேண்டுமே, ஏன் பறக்கவில்லை என்பது மாதிரி. பிள்ளைகள் சிரிப்பார்கள். அவர்களைவிட அதிகமாகச் சிரிப்பது நான்தான்.

ஒரு வருஷம் மழைக்காலத்தில் ஒரு மாணவி சொன்ன காட்சி இது: கார் ஆற்றில் விழுகிறது, கதாநாயகன் உள்ளிருந்து ஒரே உதையில் கதவைத் திறந்து வெளியே வருகிறான். கணக்குப் போட்டோம். கதவின் அடி விளிம்புக்கு மேல் இரண்டடித் தண்ணீர் நின்றாலே, நூற்றெண்பது கிலோ எடை வெளியிலிருந்து அழுத்துவது போல ஆகிறது. "ரெண்டே அடிக்கா மிஸ்?" என்று அவள் நம்பாமல் கேட்டாள். ஆமாம் என்று விடையின் கீழே இரண்டு கோடு போட்டேன்.

பத்து நாள் கழித்து ஒரு மதியம், அக்காவுக்குத் தாம்பரத்தில் கண் பரிசோதனை. அவள் பல்லாவரத்தில் இருக்கிறாள். என்னைவிட ஆறு வயது மூத்தவள், முழங்கால் ஆபரேஷன் ஆனவள். காலை மடக்க முடியாது. பரிசோதனை முடிந்து அவளை வீட்டில் விட நான்தான் கார் ஓட்டினேன். பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. ரயில்வே சுரங்கப்பாதைக்கு வந்தபோது, எதிரே ஒரு பஸ் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு மேலேறி வந்தது. அதன் சக்கரத்தில் பாதிகூட நனையவில்லை. ஒன்றரை அடி, போய்விடலாம் என்று மனக்கணக்குப் போட்டேன்.

பஸ்ஸை நான் பார்த்தது சரிவில் அது ஏறிக்கொண்டிருந்தபோது. பள்ளத்தின் நடுவில் ஆழம் என்ன என்பது என் கணக்கில் இல்லை.

நடுவில் எஞ்சின் ஒருமுறை இருமி நின்றது. திரும்ப ஸ்டார்ட் செய்தேன், சத்தமே இல்லை. இரண்டு பக்கச் சரிவிலிருந்தும் தண்ணீர் எங்களை நோக்கி ஓடி வந்துகொண்டிருந்தது. பானட்டின் விளிம்பு மறைந்தது.

"ஏய், என்னடி ஆச்சு?"

"ஒண்ணுமில்லக்கா. எறங்கிடலாம்."

பூட்டை எடுத்துவிட்டுக் கதவைத் தள்ளினேன். சுவரைத் தள்ளுவது போலிருந்தது. ஜன்னலுக்கான பட்டனை அழுத்தினேன். கண்ணாடி நாலு விரல் அளவு இறங்கி அப்படியே நின்றுவிட்டது. அக்கா பக்கத்துக் கண்ணாடி அசையவே இல்லை. அப்போதுதான் வகுப்புப் போர்டு நினைவுக்கு வந்தது. நூற்றெண்பது கிலோ. என் கையெழுத்தில், இரண்டு கோட்டோடு.

தெரியாமல் இருந்திருந்தால் வெறுமனே பயந்திருப்பேன். எனக்கோ தண்ணீர் ஒவ்வொரு விரற்கடை ஏறும்போதும் எவ்வளவு எடை கூடுகிறது என்று தெரிந்துகொண்டே இருந்தது. உயரம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்கு. அதை நினைக்காமல் இருக்க முடியவில்லை.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நானும் உதைத்தேன். சீட்டில் சாய்ந்து, இரண்டு காலாலும், கத்திக்கொண்டே உதைத்தேன். கதவு அசையவில்லை. கணுக்கால்தான் சுளுக்கிக்கொண்டது.

கால்மாட்டில் தண்ணீர் ஊறத் தொடங்கியிருந்தது. அக்கா துப்பட்டாவைச் சுருட்டிக் கதவிடுக்கில் திணித்துக்கொண்டிருந்தாள். "ஆண்டவரே, ஆண்டவரே" என்று சொல்லிக்கொண்டே மும்முரமாக அடைத்தாள்.

"அக்கா, அத எடு."

"என்னது?"

"துணிய எடுக்கா. தண்ணி உள்ள வரட்டும்."

"பைத்தியமாடி உனக்கு?"

"உள்ளயும் வெளியவும் ஒரே மட்டம் ஆனாத்தான் கதவு தொறக்கும். எடு!"

அவள் எடுக்கவில்லை. நான் எட்டிப் பிடுங்கினேன். என் கையில் அடித்தாள், சின்ன வயதில் அடித்த மாதிரியே. பிடுங்கி எறிந்தேன். உள்ளே தண்ணீர் ஏறிக் கணுக்கால் மூழ்கியதும் என் கதவில் தோளைக் கொடுத்து முட்டினேன். ஒரு விரல் திறந்தது, தண்ணீர் பீறிட்டது, கதவு திரும்ப அறைந்து மூடிக்கொண்டது. அடுத்த முறை திறந்த நொடியில் என் செருப்பை அந்த இடுக்கில் சொருகினேன். கதவு செருப்பைக் கடித்துக்கொண்டு நின்றது. அந்த வழியாகத் தண்ணீர் உள்ளே கொட்டியது.

பிறகு செய்வதற்கு ஒன்றுமில்லை. காத்திருக்க வேண்டும். சாக்கடை நாற்றத்தோடு குளிர்ந்த தண்ணீர் சீட்டைத் தொட்டது, மடிக்கு வந்தது, வயிற்றுக்கு வந்தது. வெளியே அதைவிட உயரத்தில், ஜன்னலின் கீழ்விளிம்பில் அலை அடித்தது. அக்கா என் மணிக்கட்டை நகம் பதியப் பிடித்திருந்தாள், ஜெபத்தை நிறுத்திவிட்டிருந்தாள். என் கணக்கு தப்பாக இருந்தால், அக்காவை நான் என் கையாலேயே மூழ்கடித்துக்கொண்டிருக்கிறேன்.

அப்போது கண்ணாடியில் யாரோ தட்டினார்கள். கேன் தண்ணீர் போடுகிற வண்டியின் டிரைவர். மேலே வண்டியை நிறுத்திவிட்டு மார்பளவுத் தண்ணீரில் நடந்து வந்திருந்தார்.

"இன்னா மேடம், உள்ளயே குந்திகினு கீறீங்க? தள்ளுங்க, நான் இஸ்க்குறேன்!"

"இன்னும் கொஞ்சம் தண்ணி ஏறணும்ணா!"

அவர் என்னைப் பார்த்த பார்வையை என்னால் மறக்க முடியாது. ஆனாலும் கைப்பிடியை விடவில்லை. தண்ணீர் என் மார்புக்கு வந்தபோது நான் தள்ளினேன், அவர் இழுத்தார். கதவு கனத்த ஈரப் படுதாவைப் போல மெதுவாக, முழுசாகத் திறந்தது.

அக்காவின் காலை மடக்காமல் என் பக்கமாக இழுத்து வெளியே எடுப்பதற்குள் அவள் இரண்டு முறை தண்ணீர் குடித்துவிட்டாள். டிரைவர் அவளை முதுகில் சாய்த்துச் சுமந்து மேடேற்றினார். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு வெறுங்காலோடு பின்னால் போனேன். மேலே வந்து திரும்பிப் பார்த்தபோது காரின் கூரை மட்டும் தெரிந்தது. "நல்ல நேரம் மேடம், அப்பால வந்திருந்தா பேஜாராயிருக்கும்" என்றார் அவர். பற்கள் அடித்துக்கொள்ள, அவரைக் கையெடுத்துக் கும்பிட்டேன்.

அக்கா வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். அவளே டம்ளரைப் பிடித்து என்னை டீ குடிக்க வைத்தாள்.

"மட்டம் ஒண்ணானா தொறக்கும்னு நிச்சயமா தெரியுமா உனக்கு?" என்று கேட்டாள்.

"புஸ்தகத்துல இருக்குக்கா."

"செஞ்சு பாத்திருக்கியா?"

"இல்ல."

அவள் எழுந்து போய், எனக்கு மாற்றுப் புடவை எடுத்து வந்தாள்.

காரை ஒர்க்ஷாப்பிலிருந்தே விற்றுவிட்டோம். பாடம் எடுப்பதில் எனக்குத் தடுமாற்றம் எதுவும் இல்லை. ஆனால் போன மாதம் ஆட்டோவில் போனபோது மழை தூற, டிரைவர் சுரங்கப்பாதைப் பக்கம் வண்டியைத் திருப்பினார். தரையில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. நிறுத்தச் சொல்லி இறங்கிவிட்டேன். "இன்னாக்கா ஆச்சு?" என்று அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். நான் தண்டவாளத்துக்கு மேலே போகும் நடைமேம்பாலத்தின் படிகளில் நனைந்துகொண்டே ஏறினேன்.