பதினாறாயிரம் ரூபாய் மாரிஸ்

ஆரணி கோர்ட்டுக்கு எதிர்ச் சந்தில் ஜாப் டைப்பிங் செய்துகொண்டிருந்த சகாயமேரிக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்தக் காகிதம் கைக்கு வந்தாலும் கடைசி வரி வரைக்கும் படித்துவிடுவாள். மனு, பிரமாணப் பத்திரம், வாடகை ஒப்பந்தம், பட்டு வியாபாரிகளின் சரக்குக் கடிதம் என்று பகலெல்லாம் அடித்து அடித்து, பொடி எழுத்தில்தான் விஷயம் இருக்கும் என்று அவளுக்குத் தெரிந்துபோயிருந்தது. "சோப்பு உறையைக்கூட விடமாட்டா" என்று அவள் புருஷன் சத்தியராஜ் கிண்டல் செய்வார். அவர் மிஷன் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வாத்தியார்.

அவர்கள் வீட்டுக் கொட்டகையில் 1936-ம் வருஷத்து மாரிஸ் எய்ட் கார் ஒன்று நின்றிருந்தது. மேரியின் அப்பா யோவான், மிஷன் ஆஸ்பத்திரி டாக்டர் ஒருவரிடம் டிரைவராக இருந்தவர். டாக்டர் சீமைக்குத் திரும்பும்போது வண்டியை அவர் பேருக்கே மாற்றிக் கொடுத்துவிட்டுப் போனார். 1973-ல் அப்பா காலமான பிறகு இரண்டு வருஷம் கோழிகள்தான் அதில் ஏறி இறங்கின. காயலாங்கடைக்காரர் ஒருவர் வந்து எடை போட்டு எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். சத்தியராஜ் தலையாட்டப் போன நேரத்தில் மேரி உள்ளேயிருந்து வந்தாள்.

"வாணாங்க. அத நான் ஓட்டப் போறேன்."

அவளே அதற்கு முந்தின நிமிஷம் வரைக்கும் அப்படி நினைத்ததில்லை. சொன்ன பிறகு வாபஸ் வாங்க மனசு வரவில்லை. பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒர்க்‌ஷாப் வைத்திருந்த தருமன் நான்கு மாசம் உருண்டு புரண்டு வண்டியை உயிர்ப்பித்தார். முப்பத்து நான்கு வயதில் மேரி லைசென்ஸ் எடுத்தாள். டெஸ்ட் வைத்த இன்ஸ்பெக்டர், "நிறுத்திக் காட்டுங்கம்மா" என்றார். நிறுத்தினாள். அவர் கீழே இறங்கி, "இப்போ எடுங்க" என்றார். எடுத்துக்கொண்டு அப்படியே நேரே போய்விட்டாள். ரோட்டில் நின்ற இன்ஸ்பெக்டரைத் திரும்பிப் போய் ஏற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. அவர் சிரித்துக்கொண்டே பாஸ் போட்டார்.

அடர் பச்சை உடம்பு, கறுப்பு மட்கார்டு, வெள்ளிக் குடம் மாதிரி இரண்டு விளக்கு. ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு அவர்கள் அதில் போய் இறங்கும்போது சாமியாரே வாசலுக்கு வந்து பார்ப்பார். போளூர் சந்தைக்குப் போனால், திரும்பி வருவதற்குள் வண்டியைச் சுற்றி ஒரு கூட்டம் நிற்கும். மேரிக்கு அந்தக் கூட்டம் பெரிசில்லை. ஊரைத் தாண்டி, இரண்டு பக்கமும் நெல் வயல் வரும் இடத்தில் மூன்றாவது கியரைப் போட்டதும் வண்டி ஒரு சீரான குரலில் முனக ஆரம்பிக்குமே, அதுதான் வேண்டும். அந்த நேரத்தில் அவளை யார் கூப்பிட்டாலும் காதில் விழாது.

1979-ல் மெட்ராஸ்காரர் ஒருவர் கல்யாணப் பட்டு எடுக்க வந்தார். வண்டியைப் பார்த்துவிட்டு, பதினைந்தாயிரம் தருகிறேன் என்று கடிதமே எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். விற்கிற எண்ணம் மேரிக்கு இல்லை. ஆனால் அதுவரைக்கும் சட்டத்துக்காகக் கட்டிக்கொண்டிருந்த தேர்டு பார்ட்டி இன்சூரன்ஸில், தன் வண்டிக்கு ஒன்று ஆனால் ஒரு பைசாவும் வராது என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. அடுத்த நாளே வேலூருக்கு பஸ் ஏறினாள்.

அங்கே இன்சூரன்ஸ் ஆபீஸில் சக்கரவர்த்தி என்பவர் மேனேஜர். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பேசுகிறவர்.

"நாப்பத்தி மூணு வருஷத்து வண்டியாம்மா? ரெண்டாயிரம் போட்டுக்கலாம். பிரீமியமும் கம்மி."

"ஒரு நிமிஷம் சார்" என்று மேரி அங்கே இருந்த பாலிசிப் படிவம் ஒன்றை வாங்கிப் படித்தாள். மேனேஜர் டீ குடித்து முடித்தார். அவள் இன்னும் படித்துக்கொண்டிருந்தாள்.

"சார், வண்டி போன அன்னிக்கு மார்க்கெட் விலை இன்னாவோ அது, இல்லன்னா இதுல எழுதின தொகை. ரெண்டுல எது கம்மியோ அதுதான் குடுப்பீங்களா?"

"ஆமாம்மா."

"அப்போ நான் இருபதாயிரம்னு எழுதி அதுக்கு பிரீமியம் கட்டிகினு வரேன். அன்னிக்கு உங்க ஆளு வந்து ரெண்டாயிரந்தான்னு சொன்னா?"

"ரெண்டாயிரந்தான்."

"மீதி பதினெட்டாயிரத்துக்கு நான் கட்டின பிரீமியம்?"

சக்கரவர்த்தி கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி அவளை முதல் முறையாக ஒழுங்காகப் பார்த்தார். பிறகு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"அக்ரீடு வேல்யூன்னு ஒண்ணு இருக்கும்மா. அபூர்வமான பழைய வண்டிங்களுக்கு. இந்த வண்டி இவ்வளவு பெறும்னு முன்னாடியே நீங்களும் நாங்களும் ஒத்துக்கிட்டு பாலிசியில எழுதிடறது. வண்டி முழுசா போயிட்டா அந்தத் தொகை. அப்புறம் பேரம் கிடையாது. ஆனா பிரீமியம் ஜாஸ்தி. மெட்ராஸ் ஆபீஸ் சம்மதிக்கணும். இஞ்சினியர் சர்ட்டிபிகேட், போட்டோ எல்லாம் கேப்பாங்க. பேஜார் புடிச்ச வேலை. இங்க இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல."

"நான் கேக்கறேன் சார்."

வீட்டில் சத்தியராஜ் கணக்குப் போட்டுப் பார்த்தார். சாதாரணப் பாலிசியைவிட வருஷத்துக்கு முந்நூறு ரூபாய் கூட.

"நடக்காத ஒண்ணுக்கு இவ்வளவா, மேரி?"

"நடக்காட்டி சந்தோசம். நடந்தா அப்போ போய் அவங்ககிட்ட மல்லுக்கு நிக்கணுமே. இங்க பொடவை ஆர்டர் குடுக்கறவங்க தறியில பாவு ஏத்தறதுக்கு முன்னாடியே கூலி பேசிக்கிறாங்களா இல்லையா? நெய்து முடிச்சப்புறம் பேசினா யாருங்க விட்டுக் குடுக்கணும்?"

சத்தியராஜ் நெசவாளி வீட்டுப் பிள்ளை. அவர் அப்பா அப்படிப் பேசாமல் நெய்து கொடுத்து ஏமாந்த கதை அவருக்கு நினைவிருந்தது. "எழுதறதுதான் எழுதற, இருபத்தஞ்சாயிரமா எழுது" என்றார்.

"வாணாங்க. உள்ளதுக்கு மேல கேட்டா உள்ளதையும் நம்பமாட்டாங்க."

மெட்ராஸ்காரரின் கடிதம், தருமன் மாற்றிய சாமான்களின் பட்டியல், வேலூர் இஞ்சினியர் ஒருவரின் சர்ட்டிபிகேட், எல்லாவற்றையும் சேர்த்துப் பதினாறாயிரம் என்று அவளே டைப் அடித்தாள். போட்டோ எடுக்க வந்த ஸ்டூடியோக்காரர் மட்டும் சும்மா எடுக்க ஒப்பவில்லை. மலையும் ஏரியும் அன்னமும் வரைந்த திரையைக் கொண்டுவந்து வண்டிக்குப் பின்னால் கட்டிவிட்டார். இரண்டு வாரம் கழித்து மெட்ராஸ் ஆபீஸிலிருந்து கடிதம் வந்தது: வாகனம் வழக்கமாக ஏரிக்கரையில் நிறுத்தப்படுகிறதா, வெள்ள அபாயம் உண்டா? சத்தியராஜுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. மேரி திரையில்லாமல் மறுபடியும் நான்கு போட்டோ எடுத்து அனுப்பினாள்.

மூன்று மாசம் கழித்துப் பாலிசி வந்தது. வழக்கம்போலக் கடைசி வரி வரைக்கும் படித்தாள். எண்ணில் 16,000 என்று இருந்தது. எழுத்தில் ஆறாயிரம் என்று இருந்தது. அவள் செருப்பைப் போட்டுக்கொண்டு மறுபடி வேலூர் பஸ் ஏறினாள். சக்கரவர்த்தி அதைப் பார்த்துவிட்டுத் தன் டைப்பிஸ்டைக் கூப்பிடக்கூட இல்லை. "நீங்களே உக்காந்து அடிச்சிடுங்கம்மா" என்று மெஷினைக் காட்டினார். அவள் திருத்தப் படிவத்தை அடித்துக் கொடுக்க, அவர் கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தினார். அதற்குப் பிறகு வருஷா வருஷம் அதே தொகைக்குப் புதுப்பித்துக்கொண்டு வந்தாள்.

1982 ஐப்பசியில், தறி செய்கிற ஆசாரி அய்யனாரின் மகள் சின்னபொண்ணுக்கு சந்தவாசலில் கல்யாணம். பெண்ணையும் மாப்பிள்ளையையும் மாரிஸில் அழைத்து வரவேண்டும் என்று அய்யனாரும் அவர் மனைவி கெங்கம்மாளும் ஆசைப்பட்டார்கள். அய்யனார் வாடகை என்று நூறு ரூபாயை நீட்டினார். மேரி வாங்கவில்லை. வாடகைக்கு விடக்கூடாது என்று பாலிசியில் இருந்தது. இல்லாவிட்டாலும் அவள் வாங்கியிருக்கமாட்டாள். இரண்டு முழம் கனகாம்பரம் மட்டும் வாங்கித் தலையில் வைத்துக்கொண்டாள்.

தாலி கட்டி, பந்தி நடந்துகொண்டிருந்தபோது அடைமழை பிடித்தது. அரிசி மில் மதில் ஓரம் வண்டியை நிறுத்தியிருந்தாள். பாயசம் பரிமாறும் நேரத்தில் இடி மாதிரி ஒரு சத்தம். ஓடிப் போய்ப் பார்த்தால் மதில் அப்படியே வண்டிமேல் படுத்திருந்தது. கூரை உட்கார்ந்துவிட்டது. கதவுகளின் மரச் சட்டம் முறிந்து, ஒரு விளக்கு சேற்றில் கிடந்தது. நல்லவேளை, பக்கத்தில் ஆளில்லை.

மேரி மழையிலேயே நின்று அழுதாள். சத்தியராஜ் வாழை இலை ஒன்றை அவள் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு நின்றார். கெங்கம்மாள் மணப்பந்தலை விட்டுவிட்டு வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எங்களாலதானேக்கா" என்றாள்.

"மழை பேஞ்சதுக்கு நீ இன்னா பண்ணுவ, கெங்கா? உள்ள போ. பொண்ணு தேடிகினு இருப்பா."

இன்சூரன்ஸ் சர்வேயர் வந்து வண்டியை ஒரு நாள் முழுக்கப் பார்த்தார். வாடகை வாங்கினீர்களா என்று கல்யாண வீட்டில் தனியாக விசாரித்தார். பூ வாங்கிக்கொண்டதாக அய்யனார் சொன்னதை அவர் எழுதிக்கொள்ளவில்லை. சரிசெய்ய இருபதாயிரத்துக்கு மேல் ஆகும், முழு நஷ்டம்தான் என்று அறிக்கை கொடுத்தார். அதன் கீழே, இந்த ரக வண்டிக்கு மார்க்கெட் விலை மூவாயிரத்தைத் தாண்டாது என்றும் ஒரு வரி சேர்த்திருந்தார்.

வேலூரில் சக்கரவர்த்தி அந்த வரியைப் படித்தார். பாலிசியைப் படித்தார். திருத்தப் படிவத்தில் தன் கையெழுத்தையும் பார்த்தார்.

"மார்க்கெட் விலை நமக்கு வேண்டியதில்ல. அக்ரீடு வேல்யூ. பதினாறாயிரம்" என்றார். "ஆனா ஒண்ணும்மா. முழுத் தொகை குடுத்துட்டா உடைஞ்ச வண்டி கம்பெனிக்குச் சேர்ந்துடும். அதை நாங்க வித்துப்போம்."

மேரிக்கு அது தெரியும். அந்த வரியையும் படித்திருந்தாள்.

"இன்னா விலைக்கு சார் விப்பீங்க?"

"காயலாங்கடைக்காரர் அறுநூத்தம்பது சொல்லியிருக்கார்."

"அதே விலைக்கு நான் எடுத்துக்கறேன். அறுநூத்தம்பதைக் கழிச்சிகினு மீதியக் குடுங்க."

சக்கரவர்த்தி கண்ணாடியை மறுபடி நெற்றிக்கு ஏற்றினார். பிறகு அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்து அறை கிளார்க்குகள் எட்டிப் பார்த்தார்கள். "எழுதிக் குடுங்கம்மா. நீங்க எழுதினா நான் படிக்கவே வேண்டியதில்ல" என்றார்.

உடைந்த வண்டியை மாட்டு வண்டியில் ஏற்றி ஆரணிக்குக் கொண்டுவந்தார்கள். இஞ்சினுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று தருமன் முதல் நாளே கண்டுபிடித்துவிட்டார். மெட்ராஸ் புதுப்பேட்டைப் பழைய சாமான் கடைகளுக்குப் பதினோரு முறை போய்க் கூரைத் தகடும் விளக்கும் தேடி எடுத்துவந்தார். முறிந்த மரச் சட்டத்தை யார் செய்வது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது அய்யனார் உளிப் பெட்டியோடு வந்து இறங்கினார். தறிக்காக வாங்கி வைத்திருந்த தேக்கில், முறிந்த துண்டுகளை ஒட்டிவைத்து அளவெடுத்து, ஒவ்வொரு வளைவாக இழைத்தார். கூலி கொடுத்தால் கோபம் வந்துவிடும் என்று கெங்கம்மாள் எச்சரித்திருந்தாள். மேரி மரத்தின் விலையை மட்டும் கெங்கம்மாள் கையில் கொடுத்தாள். கதவு பொருந்தாமல் நான்கு தடவை கழற்றினார்கள். ஐந்தாவது தடவை அது 'டக்' என்று சாத்திக்கொண்டபோது அய்யனார் திறந்து திறந்து சாத்திப் பார்த்துக்கொண்டே இருந்தார். மதில் விழுந்ததிலிருந்து எல்லாமாகப் பதினான்கு மாசம் பிடித்தது. பெயின்டு வாசனையில் அந்தத் தெருவே மணத்தது.

1984 ஜனவரியில், வெயில் ஏறின ஒரு காலையில், மேரி சாவியைத் திருப்பி ஸ்டார்ட்டர் குமிழை இழுத்தாள். வண்டி இருமியது, பிறகு பிடித்துக்கொண்டது. முன்னால் அவள் பக்கத்தில் கெங்கம்மாள். பின்னால் சத்தியராஜும் அய்யனாரும் தருமனும் இடிபட்டுக்கொண்டு உட்கார்ந்தார்கள். வந்தவாசி ரோட்டில் போனார்கள். மூன்றாவது கியரில் வண்டி அந்தச் சீரான குரலில் முனகியபோது மேரி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பாதி வழியில், பருவம் தப்பிய தூறல் ஒன்று விழுந்தது. புதுக் கூரையில் எங்கோ ஒரு ஓட்டை. சொட்டுச் சொட்டாக, நடுவில் உட்கார்ந்திருந்த சத்தியராஜ் தலையில் மட்டும் விழுந்தது. அவர் இந்தப் பக்கம் சாய்ந்தார், அந்தப் பக்கம் சாய்ந்தார். இடமில்லை. கடைசியில் மடியில் இருந்த டிபன் கேரியரின் மூடியை எடுத்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டார். டிங், டிங் என்று சத்தம் வந்தது. "அய்யனாரே, என் தலைக்கும் ஒரு சட்டம் அடிச்சிருக்கலாமே" என்றார். கெங்கம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினாள். மேரிக்குச் சிரிப்பில் ஸ்டியரிங் ஆடியது.

"நிறுத்து மேரி, மழை விட்டப்புறம் போலாம்" என்றார் சத்தியராஜ்.

"ஊஹூம்" என்று அவள் ஆக்சிலேட்டரை இன்னும் கொஞ்சம் அழுத்தினாள்.