கபுகோவின் இடது கண்

கட்வே ஏரியில் உப்பு எடுப்பவர்களில் பாதிப் பேருக்குக் கண்ணில் சதை வளர்ந்திருக்கும். உப்பின் மேல் அடிக்கும் வெயிலும் காற்றும் அப்படி. கபுகோவுக்கு இடது கண்ணின் ஓரத்தில் கொஞ்சம்தான். அவள் கணவன் மசெரேகாவுக்கோ இரண்டு கண்ணிலும் சதை கண்பாப்பாவையே எட்டிவிட்டது. மாலையில் அவள் தோளைப் பிடித்துக்கொண்டுதான் வீடு திரும்புவான்.

ஆபரேஷன் செய்தால் பார்வை தெளியும் என்று கசேசே நகரத்து டாக்டர் சொல்லி நான்கு வருடமாயிற்று. அவன் அசைந்து கொடுக்கவில்லை.

"கத்தியக் கண்ணுல வைக்கிறவன் முன்னால நான் போய்ப் படுக்கணுமா?"

"அப்ப முதல்ல நான் படுக்கிறேன். பாத்துட்டு வாய்யா."

சொன்னபடியே செய்தாள். ஊசி போட்டு மரக்க வைத்தார்கள். சதையை உரித்தெடுத்து, மேல் இமைக்கடியிலிருந்து எடுத்த மெல்லிய சவ்வை அந்த இடத்தில் வைத்துத் தைத்தார்கள். மறுநாள் கட்டைப் பிரித்ததும் மசெரேகா அவள் முகவாயைப் பிடித்து, மூக்கு இடிக்கும் அளவுக்குக் கிட்டே வந்து பார்த்தான். வலித்ததா என்று மூன்று தடவை கேட்டான். கூசியது, அவ்வளவுதான் என்றாள். அடுத்த வியாழக்கிழமை அவளுக்குத் தையல் பிரிப்பு, அன்றைக்கே அவனுக்கு ஆபரேஷன் என்று முடிவாயிற்று.

அதுவரை அவள் உப்பின் பக்கமே போகக் கூடாது என்றார் டாக்டர். அவன் தனியாகப் போய்வந்தான். தடம் காலுக்கே தெரியும் என்றான். செவ்வாய்க்கிழமை பொழுது சாயும்போது, மேய வந்த நீர்யானை ஒன்று பாதையில் நின்றது. முன்னால் போனவர்கள் கத்திக்கொண்டு சிதறினார்கள். எந்தப் பக்கம் ஓடுவதென்று தெரியாமல் அவன் அதை நோக்கியே ஓடினான்.

உடலை வீட்டுக்குத் தூக்கி வந்தார்கள். கண்ணைக் கசக்கவிடாமல் கபுகோவின் இரண்டு கையையும் அவன் அக்கா இதுங்கு பிடித்துக்கொண்டாள்.

"அழாதடி, தையல் பிரிஞ்சிடும்."

"பிரியட்டும் மதினி. இந்தக் கண்ணுக்காகத்தான அந்த மனுசன தனியா அனுப்பினேன்."

தையல் பிரியவில்லை. இரண்டு வாரம் கழித்து அவள் போனபோது, சவ்வு நன்றாக ஒட்டிக்கொண்டது என்றாள் நர்ஸ். பிறகு நோட்டைப் புரட்டி, அந்த வியாழக்கிழமை மசெரேகா ஏன் வரவில்லை, பயந்துவிட்டாரா என்று சிரித்தபடி கேட்டாள்.

"இல்லம்மா, வரேன்னுதான் சொல்லியிருந்தாரு" என்றாள் கபுகோ. அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். நர்ஸ் நோட்டை மூடிவிட்டு அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

அடுத்த மாதம் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு உப்புக்குப் போனாள். திரும்பும்போது மட்டும் அந்தப் பாதையை விட்டுச் சாலை வழியாகச் சுற்றிக்கொண்டு வருகிறாள். அரை மணி நேரம் கூடுதல்.